பழம் போட்ட மிளகுத் தண்ணி

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் சாயங்காலமானால் சூப் வண்டிகளைச் சுற்றிக் கூட்டம் நிற்கிறது. சூடாக, காரமாக ஏதாவது தொண்டையில் இறங்கினால் போதும் என்றிருக்கிற நாட்கள் இவை. வீட்டிலேயே வைக்கக்கூடிய ஒரு சூப்பை இந்த வாரம் சொல்கிறேன். காயும் பழமும் சேர்ந்தது. உலகம் சுற்றியது என்றாலும் நம் பக்கத்தில் பிறந்தது.

ஓட்டல் மெனு கார்டில் முல்லிகடானி என்று போட்டிருப்பது நம் மிளகுத் தண்ணிதான். நாம் அதைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டோம். கும்பெனிக் காலத்தில் சென்னைக்கு வந்த வெள்ளைக்காரர்களுக்குச் சாப்பாட்டின் தொடக்கத்தில் ஒரு கிண்ணம் சூப் வேண்டியிருந்தது. வெங்காயமும் கறியும் சேர்த்து அதைக் கெட்டியாக்கிக்கொண்டார்கள். சென்னைக் குதிரைப்படை அதிகாரி கென்னி-ஹெர்பர்ட், 'வைவர்ன்' என்ற புனைபெயரில் 1878இல் இங்கேயே வெளியிட்ட சமையல் நூலில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பரங்கிமலையும் பல்லாவரமும் அந்த நாளில் படை முகாம்கள். அந்தப் பக்கத்து ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களில் 'பெப்பர் வாட்டர்' இன்றும் சோற்றுக்கு ஊற்றிக்கொள்ளும் அன்றாடப் பதார்த்தம்.

கடல் கடந்து போன சூப்பில் ஆப்பிள் சேர்ந்தது. 1963இல் ஜெர்மன் தொலைக்காட்சி பதிவுசெய்த 'டின்னர் ஃபார் ஒன்' என்ற குறுநாடகத்தில் விருந்தின் முதல் பதார்த்தம் இந்தச் சூப்தான். புத்தாண்டுக்கு முந்தின இரவில் ஆண்டுதோறும் அங்கே அதை ஒளிபரப்புகிறார்கள்.

ஆப்பிளைப் பார்த்து நாம் தயங்க வேண்டியதில்லை. புளியும் பழம், தக்காளியும் பழம். ரசத்தின் புளிப்பு என்றைக்குமே பழத்திடமிருந்து வந்ததுதான். அதனால் இந்தச் சூப்புக்கு நான் சொல்லும் விதி ஒன்றே ஒன்று: அந்தப் பருவத்தில் எந்தப் பழம் புளிக்கிறதோ, அதைப் போடுங்கள்.

நான்கு பேருக்கு அரை டம்ளர் மைசூர் பருப்பு போதும். இரண்டு கேரட், ஒரு கீற்றுப் பறங்கிக்காய், பாதி சௌசௌ, ஒரு பெரிய வெங்காயம், நான்கு பல் பூண்டு, சிறு துண்டு இஞ்சி, கொஞ்சம் மஞ்சள்தூள். ஐந்து டம்ளர் தண்ணீர் விட்டு, குக்கரில் மூன்று விசில் வரட்டும். பழத்தை இப்போது போடக் கூடாது. புளிப்பு முன்னாலேயே சேர்ந்தால் பருப்பும் காயும் சீக்கிரம் வேகாது. சாம்பாரில் காய் வெந்த பிறகு புளியைக் கரைத்து விடுகிறோமே, அதே காரணம்தான்.

வெறும் வாணலியில் தனியா இரண்டு டீஸ்பூன், சீரகம் ஒன்று, வெந்தயம் கால் டீஸ்பூன் வறுத்துப் பொடித்துக்கொள்ளுங்கள். ஒரு டீஸ்பூன் மிளகைத் தனியாக இடித்து வையுங்கள். நெடுநேரம் கொதித்தால் மிளகின் காரம் நிற்கும், வாசனை போய்விடும்.

இனி பழம். நெய்யில் கறிவேப்பிலை தாளித்து, தோல் சீவி நறுக்கிய ஆப்பிள் ஒன்றைப் போட்டு வதக்குங்கள். ஓரம் குழையத் தொடங்கியதும் பொடியைத் தூவி ஒரு கிளறு கிளறி, மசித்த பருப்பையும் காயையும் ஊற்றி, உப்புப் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். பருப்பும் பறங்கியுமே கெட்டி கொடுத்துவிடும், கார்ன்ஃப்ளோர் தேவையே இல்லை. இடித்த மிளகைச் சேர்த்து அடுப்பை அணைத்த பிறகே அரை டம்ளர் தேங்காய்ப்பாலை விட வேண்டும். கொதிக்கும்போது விட்டால் திரிந்துவிடும். நம் கடைகளில் கிடைக்கும் ஆப்பிள் பெரும்பாலும் இனிப்பு. ஆகவே, இறக்கியதும் அரை மூடி எலுமிச்சை பிழிந்துவிடுங்கள்.

சித்திரை, வைகாசியில் ஆப்பிளுக்கு வேலையில்லை. மாங்காயை நறுக்கிப் போடுங்கள், எலுமிச்சையும் வேண்டாம். மே மாதக் கடைசியில் மலையிலிருந்து பிளம்ஸ் இறங்கும். அதைக் கொட்டை நீக்கி வதக்கினால் சூப் சிவந்து வரும். அன்னாசி மலிந்தால் அதை நன்றாகக் கொதிக்க விட்டு, மிளகை இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள். பிள்ளையார் சதுர்த்திக்கு வாங்கிய விளாம்பழத்தில் ஒன்று மிஞ்சியிருந்தால், சதையைக் கரைத்து வடிகட்டிச் சேர்க்கலாம். கார்த்திகை, மார்கழியில் நெல்லிக்காய். அதை வேகவைக்காமல் நசுக்கி, கடைசியில் கலந்தால் வைட்டமின் சி அதிகம் வீணாகாது.

இதற்கென்று பெரிய கடைக்குப் போக வேண்டாம். மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையிலோ பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலோ கூறு கட்டி வைத்திருப்பதை வாங்குங்கள். சாப்பாட்டுத் தட்டில் எடுபடாத, லேசாக அடிபட்ட பழம் இதற்குத் தாராளமாக ஆகும். கெட்ட பகுதியை மட்டும் வெட்டிப் போட்டுவிட வேண்டும். பழம் விற்கும் அம்மாவுக்குக் கடைசிக் கூறும் விலைபோகும், நமக்கும் செலவு குறையும்.

பாக்கெட் சூப்பில் எல்லா மாதமும் ஒரே ருசி. வீட்டுச் சூப் மாதத்துக்கு மாதம் மாறும். இந்த ஊரில் இப்போது என்ன விளைகிறது, மலையிலிருந்து என்ன வருகிறது என்பதைப் பிள்ளைகள் நாக்காலேயே கற்றுக்கொள்வார்கள். அதற்காகவாவது வாரம் ஒருமுறை இதை வைக்க வேண்டும் என்பேன். பரிமாறும்போது ஆளுக்கு ஒரு கரண்டி சோற்றைக் கிண்ணத்தில் போட்டு, அதன் மேல் ஊற்றிக் கொடுங்கள். ராத்திரிச் சாப்பாடு அதிலேயே முடிந்துவிடும்.