செயலி செய்யப் புகுமுன்



இலக்கியம் பேசுவோர் கூடும் இவ்விடத்தில் நிரல்மொழிகளைப் பற்றி எழுதுவது பொருந்துமா என்று சற்றே தயங்கினோம். ஆயினும் இன்று தமிழ்த்துறைகள் பலவற்றிலும் செயலி ஒன்று செய்யவேண்டும் என்ற ஆவல் எழுந்துள்ளது. நூலகராதி, யாப்புப் பயிற்சி, நாட்டார் வழக்காறு என ஒவ்வொருவரிடமும் ஒரு திட்டம் இருக்கிறது. எந்தக் கருவியில், எந்த நிரல்மொழியில் செய்வது என்ற கேள்வி வந்தவுடன் மட்டும் தமிழாசிரியர்கள் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறோம். அது கணினித்துறையார் பாடு என்கிறோம். அப்படிச் சொல்லி ஒருமுறை நாங்கள் இழந்ததை முன்வைத்தே இதனை எழுதுகிறோம்.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. இளங்கலை மாணவர்கள் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது வெற்று அட்டைகளைக் கொடுத்தனுப்புவோம். பாட்டியிடமும் பக்கத்துக் காட்டுக்காரரிடமும் கேட்டு, அட்டைக்கு ஒரு சொல்லாக எழுதிவருவார்கள். கமலைக் கிணறு மறைந்துபோனாலும் சால், வடம், வால்கயிறு என்று அதன் உறுப்புப் பெயர்கள் அட்டைகளில் இருந்தன. கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்துக்குச் செய்ததை நம் வட்டாரத்துக்கும் சிறிய அளவிலேனும் செய்துவிடலாம் என்ற ஆசைதான்.

2015-இல் இவ்வட்டைகளைச் செயலியாக்க முனைந்தோம். பக்கத்து நகரத்து நிறுவனம் ஒன்று ஒப்புக்கொண்டது. எதில் செய்யட்டும் என்று கேட்டார்கள். உங்களுக்கு எது எளிதோ அதில் செய்யுங்கள் என்றோம். வலைப்பக்கத்தை ஓர் உறைக்குள் போட்டுச் செயலிபோலக் காட்டும் கருவி ஒன்றில் செய்துகொடுத்தார்கள். கல்லூரி ஆண்டுவிழாவில் வெளியிட்டு, கைதட்டலும் பெற்றோம்.

குறைகள் பிறகுதான் தெரிந்தன. 'கொடாப்பு' என்று தேடினால் அப்படி ஒரு சொல் இல்லை என்றது. அட்டையிலும் உள்ளே இட்ட தரவிலும் அச்சொல் இருந்தது. அகரவரிசையில் மனை, மரம், மறை, மலை, மழை என்ற முறையில் சொற்கள் நின்றன. மரம், மலை, மழை, மறை, மனை என்பதன்றோ நம் வரிசை? சொன்னோம், திருத்தித் தருவதாகச் சொன்னார்கள். பின்னர் அந்த உறைக்கருவியைச் செய்தவர்களே அதனைக் கைவிட்டார்கள். நிறுவனத்தார் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். வழங்கிக்கான வாடகை கட்டப்படாத ஒருநாளில் எல்லாம் அணைந்தது. அட்டைகளில் பெரும்பகுதி எஞ்சியது. ஆனால் நான்காண்டுகளாக நாங்கள் செயலிக்குள்ளேயே செய்துவந்த திருத்தங்கள் போயின. நெசவுத் தெருவிலிருந்து இரு மூதாட்டியரின் குரலில் பதிந்த சொற்களும் போயின. அவர்களுள் ஒருவர் இன்று இல்லை. தறிச்சொற்களை அவர் உச்சரித்த முறை எங்கள் நினைவில் மட்டுமே இருக்கிறது. நினைவை அகராதியில் சேர்க்க முடியாது.

குற்றத்தை நிறுவனத்தின் தலையில் மட்டும் சுமத்துவது நேர்மையாகாது. கேள்வியைக் கேட்டார்கள், விடை சொல்ல மறுத்தது நாங்கள்தாம்.

இரண்டாம் முறை தொடங்கியபோது எங்கள் முன் இரு கட்சிகள் இருந்தன. கணினித்துறைப் பேராசிரியர் ஒருவர் ஃப்ளட்டர்தான் தகும் என்றார். 2018-இன் இறுதியில் முதற்பதிப்புக் கண்ட அக்கருவியில் டார்ட் மொழியில் ஒருமுறை எழுதினால் ஆண்ட்ராய்டுக்கும் ஐஃபோனுக்கும் சேர்த்து எழுதியதாகும். எங்களிடம் பயின்று, பின் கணினிப் பயன்பாட்டியலுக்கு மாறிச் சென்னையில் வேலைபார்க்கும் பழைய மாணவரோ கோட்லின்தான் என்றார். 2019 முதல் ஆண்ட்ராய்டுக்கு அதனையே கூகுள் முதன்மை மொழியாகக் கொண்டிருக்கிறது. "ஐயா, நம்ம ஊர்ல யார் கையில ஐஃபோன் இருக்கு? ஆண்ட்ராய்டுக்கு மட்டும் உருப்படியாச் செய்வோம்" என்பது அவர் வாதம். ரியாக்ட் நேட்டிவ் பற்றியும் பேச்சு வந்தது. இவர்களின் வாதமெல்லாம் வேகம், திரையின் அழகு, வேலைவாய்ப்பு ஆகியவற்றைச் சுற்றியே இருந்தது. தமிழைப் பற்றி ஒரு சொல்லும் எழவில்லை. எனவே ஒரு சிறு தேர்வு வைத்தோம்: எழுத்தெண்ணுக, வரிசைப்படுத்துக, தேடுக. எந்தக் கருவியானாலும் இம்மூன்றையும் செய்துகாட்டட்டும் என்றோம்.

முதலில் எழுத்தெண்ணல். 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? கோட்லின், ஜாவாஸ்கிரிப்ட், டார்ட் மூன்றும் நீளம் கேட்டால் ஐந்து என்கின்றன. ஆப்பிளின் ஸ்விஃப்ட் மட்டும் மூன்று என்றது. அம்மொழியில் எழுத்து என்பதே கண்ணுக்குத் தெரியும் முழு வடிவம் என வரையறுக்கப்பட்டிருக்கிறது. மற்றவற்றிலும் தனிநூலகத்தைத் துணைகொண்டால் மூன்று கிடைக்கும். ஆனால் கேட்டு வாங்கவேண்டும்.

ஐந்து எங்கிருந்து வந்தது என்பதைத் தமிழ் மாணவர் அறிந்திருப்பது நலம். ஒருங்குறியில் தமிழுக்கென ஒதுக்கிய தொகுதியில் 128 இடங்கள் உள்ளன. 247 எழுத்துகளும் அதில் தனித்தனியே அமரவில்லை. உயிர்கள், ஆய்தம், அகரமேறிய மெய்கள், உயிர்க்குறிகள், புள்ளி ஆகியவையே அமர்ந்திருக்கின்றன. நம் இலக்கணத்தில் மெய்யே அடிப்படை. அதன்மேல் அகரம் ஏறினால் ககரம். ஒருங்குறியில் ககரமே அடிப்படை. அதன்மேல் புள்ளி ஏறினால் மெய். தொல்காப்பியர் கூட்டிப் பெற்றதை இங்கே கழித்துப் பெறுகிறோம்! இது 1988-இல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக வகுக்கப்பட்ட குறியீட்டு முறையிலிருந்து வந்தது. இதனை மாற்றவேண்டும் என்று நடந்த சண்டைகளைப் பழைய நண்பர்கள் அறிவார்கள். டிஸ்கி, டாம், டாப் என்று எழுத்துருவுக்கொரு குறியீடாக அலைந்த காலத்தில் தட்டெழுதிய கட்டுரைகள் நம்மில் எத்தனைபேரின் பழைய வட்டுகளில் இன்று படிக்க இயலாத குப்பையாகக் கிடக்கின்றன! அச்சண்டையை இங்கே மீண்டும் தொடங்கும் எண்ணம் இல்லை. வகுத்தது வகுத்ததுதான், அதன்மேல் எழுதும் நிரல் நம் எழுத்தை அறிந்ததாக இருக்கவேண்டும், அவ்வளவே. (ஸ்விஃப்ட்டும் 'க்ஷ'வை இரண்டென்றே எண்ணுகிறது. நன்னூலாரைக் கேட்டால் அதை எண்ணவே வேண்டியதில்லை என்பார்.)

அடுத்தது வரிசை. மனை, மரத்துக்கு முன்னே போய் நின்ற காரணம் இங்கே விளங்கும். குறியீட்டுத் தொகுதியில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், வகரம் ழகரத்துக்குப் பின்னும் இருக்கின்றன. புள்ளியின் இடமோ எல்லா மெய்களுக்கும் அப்பால். ஆகவே நம் அகராதியில் பக்கம் முன்னும் பகல் பின்னும் நிற்க, எண்முறைப்படி அடுக்கும் நிரலில் பகல் முந்திக்கொள்ளும். கோட்லினில் எழுதுவோர் ஆண்ட்ராய்டு 7 முதல் உள்ள வரிசைப்படுத்தும் நூலகத்தை அழைத்துத் தமிழ் என்று சொன்னால் போதும். ஸ்விஃப்ட்டிலும் ஜாவாஸ்கிரிப்ட்டிலும் இதற்கு வழியுண்டு. டார்ட்டின் இயல்பான ஒப்பீடு எண்முறையே. பேராசிரியர் நண்பர் இதனை ஒப்புக்கொண்டு, வரிசையைச் சொல்லுங்கள், நானே எழுதிவிடுகிறேன் என்றார்.

வரிசையைச் சொல்லப் புகுந்தபோதுதான் எங்கள் வீறாப்பு கரைந்தது. கரும்பலகையில் எழுதத் தொடங்கினோம். ஆய்தம் உயிருக்குப் பின்னா, மெய்க்கு முன்னா என்றார், சொன்னோம். கிரந்த எழுத்துகள் எங்கே என்றார். னகரத்துக்குப் பின் என்றோம். அப்படியானால் 'ஜல்லிக்கட்டு' அகராதியின் கடைசிப் பக்கத்தில் கிடக்குமே, அதைத் தேடுபவர் சகரத்திலல்லவா பார்ப்பார் என்றார். துறையில் ஐவர் இருக்கிறோம். ஐந்து கருத்துகள் வந்தன. இரண்டு பிற்பகல்கள் இதிலேயே சென்றன. பிறர் வகுத்த நூலகம் ஏதோ ஒரு விடையைத் தானே வைத்துக்கொண்டு வாயடைத்திருக்கும். டார்ட்டின் குறை எங்களைப் பேசவைத்தது என்று சொல்வதே நியாயம்.

தேடலில் வந்ததுதான் 'கொடாப்பு'. 'கொ' என்பதை இருவகையாகத் தட்டலாம். ஒரே உயிர்க்குறியாக இடலாம். முன்னே ஒற்றைக்கொம்பும் பின்னே காலுமாகத் துண்டாகவும் இடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று; இயந்திரத்துக்கு வேறு வேறு. ஒருங்குறியே இவ்விரண்டையும் சமமென்று அறிவித்து, ஒருமைப்படுத்தும் விதியையும் தந்திருக்கிறது. அவ்விதியை நிரலில் ஒரே வரியில் அழைத்துவிடலாம்; அழைக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஔகாரத்தின் சிறகுக்குப் பதில் ளகரத்தைத் தட்டுவதும், காலுக்குப் பதில் ரகரத்தைத் தட்டுவதும் இவ்விதியால் தீராது. தமிழ் அறிந்தவர் உட்கார்ந்துதான் திருத்தவேண்டும். ஏடுகளில் புள்ளியும் இல்லை, எகர ஏகார வேறுபாடும் இல்லை என்று பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டைப் பாடமாக நடத்துகிறோம். அதே வேலை வேறு உருவில் நம் வாசலுக்கு வந்திருக்கிறது. இன்னொன்றும் கண்டோம். செல்பேசிகளில் பரவலாகப் பயன்படும் எஸ்க்யூலைட் தரவுத்தளத்தின் முழுவுரைத் தேடல், இயல்புநிலையில் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சொல்லின் உறுப்பாகக் கொள்வதில்லை. சொல்லை அவ்விடங்களில் வெட்டிவிடுகிறது. அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம், மாற்றவேண்டும் என்பதை அறிந்திருந்தால்.

இனி, எதைத் தேர்ந்தோம் என்பது. ஐஃபோனுக்குத் தனியாகச் செய்யும் எண்ணத்தை முதலிலேயே விட்டோம். அதற்கு மாக் கணினி வேண்டும். ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டாலர் கட்டவேண்டும். எங்கள் துறையில் இரண்டுக்கும் வழியில்லை. கூகுளுக்கு ஒரேமுறை 25 டாலர்தான். ஆனால் புதிதாகத் தனிநபர் கணக்குத் தொடங்குவோர் குறைந்தது 12 பேரைக் கொண்டு 14 நாள்கள் தொடர்ந்து சோதித்துக் காட்டவேண்டும். வெளியிட்ட பின்னும் ஆண்டுதோறும் புதிய ஆண்ட்ராய்டுக்கு ஏற்பப் புதுப்பித்துக்கொண்டே இருக்கவேண்டும். நிறுவனங்களுக்கு இது வழக்கமான செலவு. மூன்றாண்டுக்கொருமுறை மாணவர் மாறும் துறைக்கோ முதுகொடிக்கும் சுமை. கருவிகளின் ஆயுளையும் எண்ணிப்பார்த்தோம். மைக்ரோசாஃப்டின் ஸாமரின் ஒருகாலத்தில் நம்பிக்கையோடு பரிந்துரைக்கப்பட்டது. 2024 மே மாதத்தோடு அதற்கான ஆதரவு முடிந்தது.

ஆகவே, கட்சி இரண்டையும் ஏமாற்றும்படியாக, வலைப்பக்கமாகவே செய்வது என்று முடிவெடுத்தோம். உறைகள் ஏதுமற்ற வெறும் வலைப்பக்கம், எளிய ஜாவாஸ்கிரிப்ட், ஒருமுறை திறந்தால் பின்னர் இணையம் இல்லாதபோதும் இயங்கும்படி இன்றைய உலாவிகள் தரும் வசதி. பழைய மாணவருக்கு இதில் மனக்குறைதான். "பிளே ஸ்டோர்ல இல்லாததை யாரும் செயலின்னே ஒத்துக்கமாட்டாங்க ஐயா" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. ஊரில் பெரியவர் ஒருவரிடம் முகவரியைத் தட்டச்சொன்னபோது அதை உணர்ந்தோம். உலாவியின் சேமிப்பைத் துடைத்தால் அகராதியும் போய்விடும், மீண்டும் இறக்கவேண்டும். இக்குறைகளைத் தெரிந்தே ஏற்றோம். எல்லோருக்கும் இதுவே வழி என்றும் சொல்லமாட்டோம். தமிழ் விசைப்பலகை செய்ய விரும்புவோர் வலைப்பக்கத்தை நம்பிப் பயனில்லை. கோட்லினுக்கும் ஸ்விஃப்ட்டுக்கும்தான் போகவேண்டும். அசைவூட்டங்கள் நிறைந்த சிறுவர் விளையாட்டுக்கு ஃப்ளட்டர் பொருந்தக்கூடும்.

ஆனால் கருவிக்கு முந்திய ஒரு முடிவில் எங்களுக்குச் சமரசம் இல்லை. சொற்கள் செயலிக்குள் வாழக்கூடாது. ஒருங்குறியில், ஒருமைப்படுத்திய வெறும் உரைக்கோப்பாக, எந்த எழுதுசெயலியிலும் திறந்து படிக்கும்படி அவை துறையின் கையில் இருக்கவேண்டும். திருத்தங்கள் அக்கோப்பிலேயே நடக்கவேண்டும். செயலி அதைப் படித்துக் காட்டினால் போதும். மதுரைத் திட்டத்தார் 1998 முதல் சேர்த்துவரும் நூல்கள் இத்தனை மாற்றங்களுக்குப் பின்னும் நமக்குக் கிடைப்பது, அவை எந்தச் செயலிக்குள்ளும் பூட்டப்படாததால்தான். நிறுவனத்தை அமர்த்துவோர் ஒப்பந்தத்தின் முதல் வரியில் இதை எழுதட்டும். நிரல்மொழியின் பெயர் இரண்டாம் பக்கத்தில் வந்தாலும் குற்றமில்லை.

இப்போது 'கொடாப்பு' கிடைக்கிறது. எப்படித் தட்டினாலும் கிடைக்கிறது. கரையான் தின்ற அட்டைகள் போக மிஞ்சியவற்றை மாணவர்கள் ஏற்றிவருகிறார்கள். நெசவுத் தெருவின் மற்ற மூதாட்டியிடம் இம்மாதமே இருவரை அனுப்பியிருக்கிறோம். பதிந்த ஒலிக்கோப்புகளை அன்றன்றே மூன்று இடங்களில் வைக்கச் சொல்லியிருக்கிறோம். ஜகரச் சொற்களைச் சகரத்தில் சேர்ப்பதா, னகரத்துக்குப் பின் நிறுத்துவதா என்பது மட்டும் இன்னும் முடியவில்லை. வாசக நண்பர்கள் தங்கள் கருத்தை எழுதினால் அடுத்த துறைக்கூட்டத்தில் வைக்கிறோம்.