சுவைத்துப் பார்க்கும் உரிமை

பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு

சந்தையில் மாம்பழம் வாங்குபவர்கூட ஒரு கீற்று வெட்டித் தரச் சொல்லி, வாயில் போட்டுப் பார்த்த பிறகே விலை பேசுகிறார். வாழ்க்கையில் இதைவிடப் பெரிய பொருள்களையோ நாம் சுவைத்துப் பாராமலே ஏற்றுக்கொள்கிறோம். நம் கல்லூரியையே எடுத்துக்கொள்ளுங்கள். விரும்பிய பாடத்தில் சேர்ந்தவர் எத்தனை பேர்? கிடைத்த பாடத்தில் சேர்ந்தவர் எத்தனை பேர்? குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த நம்மில் பலருக்குத் 'தேர்வு' என்ற சொல்லுக்குப் பரீட்சை என்ற ஒரு பொருள்தான் தெரியும். தேர்ந்தெடுத்தல் என்ற மற்றொரு பொருள் ஏட்டளவில்தான் இருக்கிறது.

இந்த எண்ணத்தை என்னுள் கிளறிவிட்டது, அண்மையில் ஒரு சனி, ஞாயிறில் நடைபெற்ற தற்காப்புக் கலை முகாம். தொண்டு அமைப்பொன்று நடத்திய அம்முகாமில் சிலம்பம், ஜூடோ, கராத்தே, குத்துச்சண்டை ஆகிய நான்கையும் அரை நாளுக்கு ஒன்றாகப் பழகிப் பார்க்க முடிந்தது. நன்கொடை 50 ரூபாய். சேர்ந்த தொகை அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கச் சென்றது. கற்பித்த ஆசான்கள் ஒரு காசும் பெறவில்லை.

"இரண்டு நாளில் என்னத்தைக் கற்றுவிட முடியும்?" என்று விடுதி நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. சண்டையிடக் கற்க முடியாது. அதில் ஐயமே இல்லை. இரண்டே நாளில் எவரையும் எதிர்க்கும் ஆற்றல் வந்துவிடும் என்று விளம்பரம் செய்பவர், பயில வருபவரை ஆபத்தில் தள்ளுகிறார். ஆபத்து நேர்ந்தால் கூச்சலிடுவதும் ஓடித் தப்புவதும்தான் முதல் தற்காப்பு. இதை முகாமில் ஆசான்களே ஒளிவுமறைவின்றிச் சொன்னார்கள்.

ஆனால் ஒரு கலையின் இயல்பு என்ன, அது நம் உடம்புக்கும் உள்ளத்துக்கும் ஒத்துவருமா என்று அறிய அரை நாள் தாராளமாகப் போதும். நான்கு கலைகளிலும் முதற்பாடம் அடிப்பதாக இருக்கவில்லை என்பதே எனக்கு வியப்பளித்தது. சிலம்ப ஆசான் கம்பைக் கையில் கொடுக்குமுன் மண்ணைத் தொட்டு வணங்கச் செய்து, காலடி பழக்கினார். குத்துச்சண்டையில் நிற்கும் நிலையும் முகத்தைக் காக்கும் கையும் முதலில் வந்தன. கராத்தே வணக்கத்தில் தொடங்கியது. ஜூடோவிலோ விழக் கற்றுக்கொடுத்தார்கள்! விழும்போது முழுக்கையாலும் விரிப்பை அறைய வேண்டும். தாக்கும் விசை பரந்த இடத்தில் பகிர்ந்துபோவதால் எலும்புக்குக் கேடில்லை. விசையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம் என்று வகுப்பில் எழுதிய சூத்திரத்தை முதுகால் உணர்ந்தேன். பிடியில் சிக்கியவர் கையால் இருமுறை தட்டினால் எதிராளி உடனே விட்டுவிட வேண்டும் என்ற விதியும் என் மனத்தைக் கவர்ந்தது.

"நம் மண்ணில் சிலம்பம் இருக்க, அயல்நாட்டுக் கலைகள் எதற்கு? பலவற்றை மேய்பவன் ஒன்றிலும் தேறமாட்டான்" என்பது மற்றொரு மறுப்பு. இதற்கு ஜூடோவின் வரலாறே விடை கூறுகிறது. அக்கலையைத் தோற்றுவித்த ஜிகோரோ கானோ, ஜுஜுத்சு என்னும் பழைய மல்லுக்கலையின் இருவேறு மரபுகளைப் பயின்றவர். இரண்டையும் ஒப்பிட்டு, கொள்வன கொண்டு தள்ளுவன தள்ளியே, 1882-இல் டோக்கியோ நகரின் புத்தர் கோயிலொன்றில் 12 பாய்கள் விரித்த கூடத்தில் தம் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 21. ஏறத்தாழ நம் வயதுதான்.

1922-இல் ஒகினாவாத் தீவின் பள்ளி ஆசிரியரான கிச்சின் புனகோஷி, கராத்தேயைச் செய்துகாட்ட டோக்கியோ வந்தார். கானோ அவரைப் போட்டியாளராகக் கருதவில்லை. தம் கூடத்துக்கே அழைத்துத் தம் மாணவர் முன் செய்துகாட்டச் சொன்னார். ஜூடோவின் சீருடையும் தகுதிநிலைகளும் பின்னர் கராத்தேக்கும் உரியவையாயின. ஆகவே, பிறர் கலையைப் பார்ப்பதால் நம் கலை குறைந்துவிடாது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. பிற மாநிலத்தார் நம் கம்பைக் காண வேண்டும் என்று விரும்பும் நாம், பிறர் கலையைக் காண மறுப்பது முறையாகுமா?

இனி உண்மையான சிக்கலுக்கு வருவோம். வசதி படைத்த வீட்டுப் பிள்ளை மூன்று மாதம் கராத்தே பழகி, பிடிக்காவிட்டால் நீச்சலுக்கு மாறிக்கொள்ளும். மாதக் கட்டணம், சீருடை, பட்டைத் தேர்வுக் கட்டணம் என்று கணக்குப் பார்க்கும் வீட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. பணம் கட்டிச் சேர்ந்துவிட்டால் பிடிக்காவிட்டாலும் விட முடியாது. அந்த அச்சத்தால் பலர் சேருவதே இல்லை. மாணவியர் நிலை இன்னும் கடினம். மாலைதோறும் பயிற்சிக்குப் போக வீட்டில் இசைவு பெறுவது எளிதன்று. இரண்டு நாளுக்கென்றால் கேட்டுப் பார்க்கலாம். கேரளத்து வடகரையில் களரிப்பயிற்று கற்பித்துவரும் மீனாட்சி அம்மாள், 2017-இல் பத்மஸ்ரீ விருது பெற்றபோது எழுபது வயதைக் கடந்திருந்தார். பெண்ணுக்கு இக்கலைகள் எதற்கென்று கேட்பவருக்கு அவர் வாழ்க்கையே பதில்.

குத்துச்சண்டை எனக்கு ஒத்துவராது, கம்பு ஒத்துவரும் என்பதை 50 ரூபாயில் அறிந்துகொண்டேன். இதில் முதலாவது செய்தியும் பயனுடையதே. ஒன்றைப் பழகிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்பது வேறு. எட்டாததால் வேண்டாம் என்பது வேறு. முன்னது விருப்பம், பின்னது வறுமை.

ஆதலால் ஆண்டுக்கொரு முறை இத்தகைய முகாமை நம் கல்லூரித் திடலிலேயே நடத்த வேண்டும் என்று உடற்கல்வித் துறையையும் பேராசிரியப் பெருமக்களையும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மாணவியர்க்குப் பெண் பயிற்சியாளர்கள் வேண்டும். முதலுதவிக்கு ஆள் வேண்டும். தொடர்ந்து பயில எங்கே செல்லலாம், என்ன செலவாகும் என்ற விவரத்தை முகாம் முடிவில் எழுதித் தர வேண்டும். இல்லையேல் கதவைத் திறந்துகாட்டிவிட்டு மூடியது போலாகும். தொண்டு அமைப்பினர் இரக்கத்தால் இதைத் தந்தார்கள், அவர்களுக்கு நன்றி. ஆனால் அரசுக் கல்லூரியின் திடல் நமக்கு எவரும் ஈந்த நன்கொடையன்று. அங்கே இது உரிமையாகக் கிடைக்கட்டும்.