இந்திய அமைதிப்படையில் உயிரிழந்தோர் ஆவணங்களைத் திறந்துவிடக் கோரும் மனு

அனுப்புநர்
தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்,
முன்னாள் படைவீரர் குடும்பங்களின் சங்கம்,
வேலூர் மாவட்டம்.

பெறுநர்
செயலாளர் அவர்கள்,
முன்னாள் படைவீரர் நலத்துறை,
பாதுகாப்பு அமைச்சகம், புதுதில்லி.
(மாவட்ட ஆட்சியர் அவர்கள் வழியாக)

பொருள்: 1987–90இல் இலங்கை சென்ற இந்திய அமைதிப்படையினரின் உயிரிழப்பு, காய விவரங்கள் மறுக்கப்படுவது – ஆவணங்களைத் திறந்துவிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1987 ஜூலை 29இல் கொழும்பில் இந்திய–இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. அமைதிப்படையின் கடைசிப் பிரிவு 1990 மார்ச் 24இல் திருகோணமலையில் கப்பலேறியது. இடைப்பட்ட 32 மாதங்களில் இறந்தவர்கள் 1,155 பேர் என்று ஓரிடத்திலும், ஏறத்தாழ 1,200 பேர் என்று வேறோரிடத்திலும் படிக்கிறோம். இந்த இடைவெளியில் நிற்பவர்கள் யார்? பின்னாளில் காயத்தால் இறந்தவர்களா, நோயில் போனவர்களா? இதுவே எங்கள் முதல் கேள்வி.

2019இல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவுச்சின்னத்தில் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. கொழும்பை அடுத்த கோட்டேயில் இலங்கை அரசும் நம் வீரர்களுக்கு நினைவிடம் எழுப்பியிருக்கிறது. இரண்டுக்கும் நன்றியோடு இருக்கிறோம். ஆனால் எந்த ஊரில், எந்த நிலையில் உயிர் போனது என்பதைக் கல்லில் படிக்க முடியாது. அது ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் கோப்பில் இருக்கிறது.

அந்தக் கோப்பில் உள்ள ஒரு சொல்லில்தான் குடும்பத்தின் சோறு இருக்கிறது. ‘பேட்டில் கேஷுவல்டி’ (போர்க்கள இழப்பு) என்று பதிவானால் கடைசியாக வாங்கிய சம்பளம் முழுவதும் தாராளமயக் குடும்ப ஓய்வூதியமாகக் கிடைக்கும். ‘பிசிக்கல் கேஷுவல்டி’ (போர்க்களம் சாராத இழப்பு) என்று பதிவாகி, பணியால் நேர்ந்த இறப்பு என ஏற்கப்பட்டால் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம். அது சம்பளத்தில் 60 சதவீதம். எங்கள் உறுப்பினர் ஒருவரின் கணவர் வண்டி கவிழ்ந்து இறந்ததாகத் தந்தி வந்தது. உடல் வரவில்லை. உடன் சென்று திரும்பிய நண்பரோ, வண்டி கண்ணிவெடியில் சிக்கியது என்று வீட்டுக்கே வந்து சொன்னார். எது உண்மை என்பதை பார்ட் டூ ஆர்டரும் (பணி விவரப் பதிவு ஆணை) கோர்ட் ஆஃப் என்கொயரி (படை விசாரணைக் குழு) அறிக்கையும் சொல்லிவிடும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்ப் பத்து ரூபாய் கட்டி அவற்றின் நகல் கேட்டார் அந்த அம்மா. ‘நாட்டின் பாதுகாப்பு கருதி வழங்க இயலாது’ என்று பதில் வந்தது. மேல்முறையீட்டுக்கு, ‘மூன்றாம் நபர் தகவல்’ என்றார்கள். கட்டிய மனைவியிடம் கணவனை மூன்றாம் நபர் என்று சொல்லும் கடிதம் அது. எங்கள் உறுப்பினர் வேறு சிலருக்கு, கேட்ட விவரம் தொகுத்து வைக்கப்படவில்லை என்று பதில் வந்தது. பதில் தந்த அலுவலகங்களை இங்கே பெயர் சொல்லிக் குற்றம் சாட்ட நாங்கள் வரவில்லை. எங்களுக்கு வேண்டியது ஆவணம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் தரைப்படை இல்லை. 20 ஆண்டுக்கு முந்தைய நிகழ்வுகளின் தகவலைத் தர வேண்டும் என்கிறது பிரிவு 8(3). பாதுகாப்பு உள்ளிட்ட மூன்று விலக்குகள் மட்டுமே அதைத் தாண்டி நிற்கும். பாதுகாப்பு என்று சொன்னாலும், பொதுநலன் பெரிதானால் தரலாம் என்கிறது 8(2). மறைக்க வேண்டிய வரியை மறைத்து மற்றதைக் கொடுக்கப் பிரிவு 10 வழி செய்கிறது. இவற்றுக்கும் மேலாக, ஆவணங்களை வழக்கமாக 25 ஆண்டுகளில் வெளிப்படுத்த வேண்டும் என்று தங்கள் அமைச்சகமே 2021 ஜூனில் கொள்கை வகுத்தது. அமைதிப்படைக்கு அந்தக் கெடு 2015இலேயே முடிந்துவிட்டது. எதிரே நின்று போரிட்ட இயக்கமும் 2009 மே மாதத்தோடு முடிந்தது. இனி யாரிடமிருந்து இந்தக் காகிதங்களைக் காக்கிறோம்?

இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் மாண்ட மதராஸ் சிப்பாயின் பெயரையும் படைப்பிரிவையும் இறந்த நாளையும் பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டில் எவரும் தேடிப் பார்க்கலாம். அந்நிய ஆட்சிக்காகச் செத்தவனுக்குக் கிடைத்த மரியாதை, சுதந்திர இந்தியா அனுப்பிவைத்தவனுக்கும் கிடைக்க வேண்டும் என்பது பேராசையல்ல.

ஆகவே, இறந்த ஒவ்வொருவரின் பிரிவு, நாள், இடம், இறப்பின் வகை ஆகியவை அடங்கிய ஒரே பட்டியலைத் தமிழ் உட்பட மாநில மொழிகளில் வெளியிட வேண்டும். காயமுற்றோர், பின்னர் காயத்தால் இறந்தோர் கணக்கும் அதில் சேர வேண்டும். விசாரணை அறிக்கையின் நகலை வாரிசுகளுக்கு விண்ணப்பித்த 30 நாளில் கட்டணமின்றித் தர வேண்டும். ஆவணம் அழிக்கப்பட்டிருந்தால், எந்த ஆணையின்படி எந்த நாளில் அழிக்கப்பட்டது என்று எழுத்தில் சொல்ல வேண்டும். வகைப்பாடு தவறென்று தெரியவந்தால், இறந்த நாளிலிருந்தே ஓய்வூதியத்தைத் திருத்த வேண்டும்.

அந்த 32 மாதங்களில் உயிரிழந்த ஈழத்தமிழ்ப் பொதுமக்களின் குடும்பங்களும் கணக்குக் கேட்கின்றன. அவர்கள் கேட்பதும் நியாயம். எங்கள் கோரிக்கை அதற்கு எதிரானதல்ல.

கையெழுத்திட்டுள்ள தாய்மார்கள் பலர் எழுபதைக் கடந்தவர்கள். அவர்கள் கண்ணால் படிக்கும் காலத்திலேயே அந்தக் காகிதம் கைக்கு வரத் தாங்கள் ஆணையிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சங்கத் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்.

இணைப்பு: நிராகரிப்புக் கடிதங்களின் நகல்கள், உறுப்பினர் கையொப்பங்கள்.