பாட்டைத் தொட்டால் தீட்டா?

திருகோணமலையில் ஒரு இசை நிகழ்ச்சி நடந்தால், யாராவது ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்து அந்த வசனத்தைச் சொல்லாமல் இறங்கமாட்டார்: "றீமிக்ஸ் என்பது பாட்டுக்கொலை. அசலைத் தொடாதீர்கள்." அண்மையில் உட்துறைமுக வீதிப் பக்கம் நடந்த விழா ஒன்றிலும் இதையே கேட்டேன். கைதட்டல் பலமாக விழுந்தது. அடுத்ததாக மேடையேறக் காத்திருந்த பெடியள் தலையைக் குனிந்துகொண்டார்கள். வருஷக்கணக்காகக் காதைக் குடையும் இந்த வசனத்துக்கு அந்தப் பெடியளுக்காகவாவது பதில் சொல்லியாக வேண்டும்.

முதலாவது குற்றச்சாட்டு: சொந்தமாகப் பாட்டுக் கட்டத் தெரியாதவன்தான் பழைய பாட்டில் கைவைக்கிறான். 'படகோட்டி'யின் 'தொட்டால் பூ மலரும்' பாட்டை 2004இல் 'நியூ' படத்துக்காகவும், 'சொர்க்கம்' படத்தின் 'பொன்மகள் வந்தாள்' பாட்டை 2007இல் 'அழகிய தமிழ் மகன்' படத்துக்காகவும் மாற்றி அமைத்தவர் ஏ. ஆர். ரஹ்மான். அவருக்குப் பாட்டுக் கட்டத் தெரியாது என்று இந்த மேடைப் பேச்சாளர்களில் யார் சொல்வார்?

இரண்டாவது: இளசுகள் பழைய பாட்டை மறந்துவிடுவார்கள். 1970இல் டி. எம். சௌந்தரராஜன் பாடிய அந்தப் 'பொன்மகள் வந்தாள்' பாட்டை 2007இல் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் தேடிப் போனதே இந்த றீமிக்ஸால்தான்.

மூன்றாவது: அது இசையே இல்லை, பொத்தான் அமுக்கும் வேலை. யமேக்காவில் கிங் டபி என்றொருவர் இருந்தார். வானொலிப் பெட்டியும் அம்பிளிஃபயரும் திருத்துவது தொழில். எழுபதுகளில் அவர் பதிவான பாட்டுகளை எடுத்து, பாடகரின் குரலை அடியோடு இறக்கினார். டிரம்மும் பேஸும் மட்டும் நின்றன. ஒரேயொரு சொல்லை மட்டும் மேலே வரவிட்டு, அது எதிரொலித்துத் தேய்ந்துபோகும் வரை காத்திருந்தார். கேட்டவர்கள் அதே பாட்டுக்குள் இன்னொரு பாட்டு இருப்பதைக் கண்டார்கள். உலகம் இன்று றீமிக்ஸ் என்று கொண்டாடுவதன் பெரும்பகுதி அந்தப் பொத்தான்களிலிருந்து வந்தது. றொக் குழுக்களே தங்கள் பாட்டுகளை இப்படி முன்வந்து கொடுத்திருக்கின்றன. லிங்கின் பார்க் 2002இல் 'றீஅனிமேஷன்' என்ற இசைத்தொகுப்புக்காகத் தன் முதல் தொகுப்பின் பாட்டுகளைப் பல கைகளில் ஒப்படைத்தது. ரசிகர்கள் இரண்டு பட்டார்கள். அசலும் அழியவில்லை, குழுவும் அழியவில்லை. 2005இல் நைன் இஞ்ச் நெயில்ஸ் ஒரு படி மேலே போய், 'த ஹேண்ட் தட் ஃபீட்ஸ்' பாட்டைத் தடம் தடமாகப் பிரித்து, விரும்பியபடி மாற்றிக்கொள்ளுங்கள் என்று ரசிகர்களுக்கே கொடுத்துவிட்டது. கொலை என்றால், கொலை செய்யச் சொல்லிக் கத்தியை நீட்டியவரே பாட்டின் சொந்தக்காரர்!

இனி இவர்களின் பெரிய ஆயுதம்: அசல் தூய்மையானது, அதில் கலப்படம் செய்யாதே.

இதை வேறெங்காவது சொல்லியிருந்தால் விட்டுவிடலாம். திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு நின்று சொல்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஒருவர் பின் ஒருவராக வந்து பிடித்த துறைமுகம் இது. பிரித்தானியக் கடற்படை 1957 வரை இங்கே இருந்தது. இங்குள்ள பாலையூற்றுக்குப் போய்ப் பறங்கியர் வீட்டு விசேஷங்களில் கஃப்ரிஞ்ஞாவைக் கேட்டுப் பாருங்கள். வயலின் முன்னே இழுக்க, றபான் பின்னே அடிக்க, ஆபிரிக்கத் தாளமும் போர்த்துக்கேயக் கிரியோல் சொற்களும் சேர்ந்து ஆடும். அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர்களின் தாளத்தில் போர்த்துக்கேயர் மெட்டு ஏறிய இசை அது. 1940களில் வாலி பஸ்தியன் என்ற பொலிஸ்காரர் அந்த ஆறெட்டுத் தாளத்தில் சிங்களச் சொற்களைப் போட்டார், பைலா பிறந்தது. அதைத் தமிழில் கொண்டுவந்தவர்கள் நம்முடைய பொப் பாடகர்கள். ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி'யை வாய்க்குள் பாடிக்கொண்டே மேசையில் தட்டிப் பாருங்கள். அடி மூன்று மூன்றாக விழும். அந்த அடியைக் கேட்டு வளர்ந்தவர்கள் பாலையூற்றில் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

அந்தச் 'சுராங்கனி' அதோடு நிற்கவில்லை. 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்துக்காக இளையராஜா அதை எடுத்துத் தன் பாணியில் அமைத்தார். மலேசியா வாசுதேவன் பாடினார். ஆபிரிக்கத் தாளம், போர்த்துக்கேய மெட்டு, சிங்களச் சொல், தமிழ்ச் சொல், பிறகு சென்னை வாத்தியக்குழு. இதில் எந்த இடத்தில் கோடு கிழித்து, இதுதான் அசல், இனி யாரும் தொடாதே என்று சொல்லப்போகிறார்கள்?

நம்மூர்ப் பரமேஸ்–கோணேஸ் சகோதரர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 'உனக்குத் தெரியுமா' என்று பரமேஸ் பாடிய பாட்டு இசைத்தட்டாக வந்து, இலங்கைத் தமிழர் வீடுகளிலெல்லாம் ஒலித்தது. இன்று அதைத்தான் அசல் என்று மேடையில் கும்பிடுகிறார்கள். அன்றைக்கு அதே பொப்பிசையைக் கேட்டு, மேற்கத்தியக் கூத்து தமிழைக் கெடுக்கிறது என்று முகம் சுளித்தவர்களும் இந்த ஊரில்தான் இருந்தார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டிருந்தால் இன்று காப்பாற்றுவதற்கு ஒரு அசலும் இருந்திராது. நேற்றைய கலப்படத்துக்கு மாலை போட்டு, இன்றைய கலப்படத்தைக் கொலை என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

நான்காவது குற்றச்சாட்டு: றீமிக்ஸ், பாட்டைப் படைத்தவனுக்குச் செய்யும் துரோகம். இதற்கு எல்லோரும் நீட்டும் சாட்சி 'எஞ்சாயி எஞ்சாமி'. 2021 மார்ச்சில் தீயும் அறிவும் பாடி, சந்தோஷ் நாராயணன் இசையில் வந்த பாட்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு, இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட தன் பாட்டி வள்ளியம்மாளை வைத்து அறிவு எழுதியது. அதே வருஷம் பிரான்ஸின் டி.ஜே. ஸ்னேக் அதை றீமிக்ஸ் செய்தார். ஓகஸ்டில் 'றோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டைப்படத்தில் தீயும் றாப் பாடகர் ஷான் வின்சென்ட் டி போலும் இருந்தார்கள்; அறிவு இல்லை. திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்தார். கண்டித்தது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அவர் கண்டித்தது எதை? எழுதிப் பாடியவன் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கப்பட்டதை. ஸ்னேக் சேர்த்த பேஸைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. 2024இல் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டால் தங்களுக்கு ஒரு சதமும் வரவில்லை என்று சொன்னபோது பேசியதும் அசல் பாட்டின் வருமானத்தைத்தான். பெயரை மறைத்தது அட்டைப்படம். பணத்தை நிறுத்தியது கணக்குப் புத்தகம். இவர்கள் பழியைச் சுமத்துவதோ கலவை மேசையில் இருந்தவன் மீது.

மோசமான றீமிக்ஸ் உண்டா? நிறைய உண்டு. மோசமான அசல் அதைவிட நிறைய உண்டு.

அசலின் காவலர்களிடம் கேட்க எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. மேடையில் பழைய பொப் பாட்டுகளைப் பாடவைக்கிறீர்கள். பாடியவர் யார், எழுதியவர் யார், கிற்றார் வாசித்தவர் யார் என்று ஒரு தடவையாவது அறிவித்தீர்களா? "அடுத்ததாக ஒரு பழைய பாடல்" என்று சொல்லிவிட்டுப் போகிறீர்கள். தங்கள் ஊர்க்காரர் பாடிய பாட்டு என்று தெரியாமலே இங்குள்ள பிள்ளைகள் அதைக் கேட்டு வளர்கிறார்கள். படைத்தவனுக்குத் துரோகம் என்றால், அதைப் பெடியள் இன்னும் செய்யவில்லை. நீங்கள் செய்து முடித்துவிட்டீர்கள்.

பெயரைச் சொல்லுங்கள், சேரவேண்டிய பணத்தைக் கொடுங்கள். உங்கள் வீட்டு அலுமாரிகளில் பூஞ்சணம் பிடிக்கும் இசைத்தட்டுகளையும் கசெற்றுகளையும் அந்தப் பெடியளிடம் கொடுங்கள். அவர்கள் தொட்டால்தான் அந்தப் பாட்டுகள் இன்னொரு தலைமுறையின் காதுக்குப் போய்ச் சேரும்.