மலைகள் தாங்கும் சுவர்

கண்டிக்குக் கிழக்கே மகாவலி கங்கையை மறித்து நிற்கும் விக்டோரியா அணை, 1985 ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பெற்றது. 122 மீற்றர் உயரமான அக்கொங்கிறீற்றுச் சுவர் வில்போல வளைந்திருப்பதேன்? மாணவர்களே, நீரை நோக்கிப் புடைத்த அவ்வளைவு, நீரின் அழுத்தத்தை இருமருங்கிலுமுள்ள மலைப்பாறைகளிற் சுமத்துகின்றது. ஆதலின் சுவர் மெல்லிதாயினும் நிலைபெறுகின்றது. சுரங்கவழியே பாயும் நீர், 210 மெகாவாற்று மின்வலு தரவல்ல பொறிகளைச் சுழற்றி, மீண்டும் ஆற்றிற் கலந்து, கீழே மினிப்பே அணைக்கட்டின் வழியாக வயல்களுக்கும் செல்கின்றது.

ஆயின், இவ்வணைக்காகச் சுமை தாங்கியவை மலைகள் மாத்திரமல்ல. பழைய தெல்தெனிய நகரம் இந்நீர்த்தேக்கத்துள் மூழ்கிற்று. அங்கு வாழ்ந்தோர் வேறிடம் பெயர்ந்தனர். கடும் வரட்சியில் நீர் வற்றுங்கால் அந்நகரின் இடிபாடுகள் வெளித்தோன்றுவதுண்டு. மின்னொளியில் நூலை விரிக்கும்போது அம்மக்களையும் நினைத்தல் நங்கடன்.