பூட்டும் சாவியும் காதும்

திண்டுக்கல்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சாமானைக் கையில் கொடுத்தாலும் முதலில் அதன் கனத்தைப் பார்ப்பார்கள். கனமாயிருந்தால் நல்ல சாமான்; லேசாயிருந்தால் ஏமாற்று வேலை. பூட்டு செய்யும் ஊர் அல்லவா? அப்படிப்பட்ட ஊரில், போன பொங்கலுக்குப் பெங்களூரிலிருந்து வந்த நம் நண்பரின் புதல்வன், புளியங்கொட்டை போன்ற இரண்டு உலோகத் துண்டுகளை நம் உள்ளங்கையில் வைத்து, "மாமா, இது கிட்டத்தட்ட ஒரு லக்ஷம் ரூபாய்" என்றான். நிறுத்துப் பார்த்தோம். ஒன்று ஐந்து கிராம் கூட இராது.

"வைரத் தோடா?" என்று கேட்டோம்.

"இல்லை, மாமா. இயர்போன். காதுக்குள் செருகிக்கொண்டு பாட்டுக் கேட்கிறது."

நேயர்கள் சிரிக்கக்கூடும். நாமும் சிரித்தோம். ஆனால் பையன் சிரிக்கவில்லை. அந்த ஜோடி இரவல்தானாம். பிடித்திருந்தால் இந்த வருஷத்துப் போனஸ் முழுவதையும் கொட்டி அதையே வாங்குவதாக உத்தேசம். "நீங்கள் கச்சேரி கேட்டுப் பழகியவர், உங்கள் அபிப்பிராயம் தெரிந்தால் தேவலை" என்றான். லக்ஷ ரூபாய் விஷயத்தில் ஒருவன் நம் அபிப்பிராயத்தைக் கேட்பது இதுவே முதல் தடவை. ஆகவே சம்மதித்தோம்.

பையன் கொண்டுவந்தது ஐந்து ஜோடிகள். எடிமோடிக் கம்பெனியின் ஈ.ஆர். 4, ஷூர் கம்பெனியின் எஸ்.ஈ. 846, லக்ஷ ரூபாய்க்காரரான ஸென்ஹைஸர் ஐ.ஈ. 900, சீனாவில் செங்டூ நகரத்து மூன்டிராப் கம்பெனியின் 'ச்சூ' என்னும் குட்டிச் சாமான். இந்தக் கடைசி ஆசாமி 2022-இல் கடைக்கு வந்தபோது விலை 20 டாலர்தான். ஐந்தாவது, வேறொரு பெரிய கம்பெனியின் பெரிய சாமான். அதன் பெயரை வெளியிடப் போவதில்லை. காரணம் பின்னால் தெரியும்.

இந்த ஜாதியின் வம்சாவளி விசித்திரமானது. மேல்நாட்டு ராக் சங்கீத மேடையில், பக்கத்து ஒலிபெருக்கிகளின் இரைச்சலால் வாசிப்பவருக்குத் தம் வாத்தியமே கேட்பதில்லை. வான் ஹேலன் குழுவின் ஒலி நிபுணர் ஜெர்ரி ஹார்வி, அந்தக் குழுவின் டிரம் வித்வான் அலெக்ஸ் வான் ஹேலனுக்காகக் காதுக்குள் பொருந்தும் சாதனம் ஒன்றைச் செய்து கொடுத்தார். அதிலிருந்து 1995-இல் அல்டிமேட் இயர்ஸ் கம்பெனி பிறந்தது. ஆனால் மூத்தவர் அவரல்ல. 1991-லேயே எடிமோடிக் ஈ.ஆர். 4 வந்துவிட்டது. அதைச் செய்த மீட் கில்லியன் பாட்டுக் கம்பெனிக்காரர் அல்ல, செவி விஞ்ஞானி. காது கேட்கும் கருவிகளுக்கு உறுப்புகள் செய்யும் நோல்ஸ் கம்பெனியில் முன்பு வேலை பார்த்தவர். எடிமோடிக்கின் உள்ளேயும் ஷூரின் உள்ளேயும் இருக்கும் 'பாலன்ஸ்ட் ஆர்மேச்சர்' என்ற அரிசிமணிச் சாதனம் (காந்தங்களுக்கு நடுவே துடிக்கும் ஒரு மெல்லிய தகடு) காது மந்தமானவர்களுக்காகப் பல வருஷங்களாக உழைத்துவந்த சரக்கேதான். ராஜகுமாரனின் பாட்டனார் தர்ம ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த உறவு பின்னால் உபயோகப்படும்.

நிற்க. பரீக்ஷைக்கு மூன்று விஷயங்களை எடுத்துக்கொண்டோம். தம்புராவின் நாதம், தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம், பிறகு 1962-இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரமும் ஒன்றையொன்று துரத்தும் பாட்டு. ஒரு நிபந்தனையும் போட்டோம். எல்லா ஜோடிகளும் ஒரே அளவு சத்தத்தில் இருக்க வேண்டும். சற்று உரக்கக் கேட்பது எதுவானாலும் மனிதக் காதுக்கு அது உசத்தியாகவே தோன்றும். கடைக்காரர்களுக்கு இந்த ரகசியம் நன்றாகத் தெரியும்.

எடிமோடிக்கைக் காதில் செருகுவதே ஒரு பிரயத்தனம். மூன்று குடைகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியது போன்ற அதன் ரப்பர் குமிழ், நாம் நினைத்ததைவிட உள்ளே போயிற்று. போனபின் வெளி உலகம் இல்லை. ஜானகியின் குரலில் மூச்சு வாங்கும் இடம் கூட ஸ்பஷ்டமாகக் கேட்டது. குறை சொல்வதானால், மிருதங்கத்தின் தொப்பியில் அளவுக்கு மீறி ஒரு பொட்டு கும்கி கூடச் சேர்க்கவில்லை. கணக்கு வாத்தியாரைப் போல உள்ளதை உள்ளபடி சொல்லிற்று. ஷூர் இதற்கு நேர் எதிர். தாராள மனசு. அதற்குள் நான்கு 'டிரைவர்'கள் (பஸ் டிரைவர் அல்ல, ஒலி எழுப்பும் சாதனங்கள்) இருக்கின்றனவாம். தாழ்ந்த ஸ்வரங்களைப் பிரிப்பதற்குப் பத்து எஃகுத் தகடுகளை அடுக்கி ஒரு வளைந்த பாதையே அமைத்திருக்கிறார்கள். மாங்காய்ப் பூட்டுக்குள் நெம்புத் தகடுகளை அடுக்குகிற நம் ஊருக்கு இது புரியாத வித்தையல்ல. ஸென்ஹைஸரிலோ ஒரே ஒரு டிரைவர். 7 மில்லிமீட்டர் குறுக்களவு. ஆனால் தம்புராவின் தந்தி அதிர்ந்து அடங்கும்போது மேலே எழும் அந்த நுண்ணிய ரீங்காரத்தை இதில்தான் முழுமையாகக் கேட்டோம். பிரமாதம் என்ற வார்த்தை தானாகவே வாயில் வந்தது. பையனின் முகம் மலர்ந்தது.

இருபது டாலர் 'ச்சூ' எப்படி? வெட்கத்தை விட்டுச் சொல்கிறோம்: பழைய சினிமாப் பாட்டில் அதற்கும் லக்ஷத்துக்கும் நமக்கு வித்தியாசம் கொஞ்சம்தான் தெரிந்தது. தம்புராவில்தான் வித்தியாசம் வெளிப்பட்டது. அது மட்டுமல்ல. பழைய பதிவுகளில் சாமான் உயர உயரப் பாட்டோடு கூடவே கரகரப்பும் உயர்ந்து கேட்கிறது. பழைய இசைத்தட்டுகளையே கேட்டுக்கொண்டிருப்பவர்கள் லக்ஷ ரூபாய் செலவழித்து அந்தக் கரகரப்பைத் துல்லியமாகக் கேட்பதில் என்ன லாபம் என்று தெரியவில்லை.

ஐந்தாவதில்தான் விபரீதம் நேர்ந்தது. வலந்தலை டக் டக்கென்று கேட்கிறது, தொப்பியைக் காணோம். வித்வான் இடது கையை வீட்டில் வைத்துவிட்டு வந்தாரோ என்று தோன்றிற்று. "தகரம்!" என்று தீர்ப்பளித்தோம். பையன் திடுக்கிட்டு வாங்கித் தன் காதில் வைத்தான். "இடி மாதிரி கேட்கிறதே, மாமா!" என்றான். அதே சாமான், அதே பாட்டு, அதே சத்தம்.

பையன் நம் இடது காதை உற்றுப் பார்த்தான். பிறகு ஒரு பெரிய ரப்பர் குமிழை மாட்டி, காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்துச் செருகினான். தொப்பி வந்தது! அப்படியே மார்பில் மோதிற்று. பத்து ரூபாய் பெறாத ரப்பர் துண்டு செய்த வேலை அது. தாழ்ந்த ஸ்வரம் காதை எட்ட வேண்டுமானால் குழாயும் காதும் சேர்ந்த இடம் காற்றுப் புகாமல் அடைபட்டிருக்க வேண்டும். மயிரிழை இடைவெளி இருந்தாலும் மந்தரம் அத்தனையும் அதன் வழியாக ஓடிவிடும். அவ்வளவுதான் சூட்சுமம். இத்தனைக்கும் நம் வலது காதில் சிறிய குமிழே சரியாக இருந்தது. ஒரே மனிதனின் இரண்டு காதுகளுக்குள் இந்த வேற்றுமை! செவிக்குழாய் சுமார் 25 மில்லிமீட்டர் நீளம். நேராகப் போவதில்லை, வளைந்து போகிறது. வெளிப்பகுதி குருத்தெலும்பு, உட்பகுதி கெட்டி எலும்பு. வாயை அசைத்தால் வெளிப்பகுதியும் அசைகிறது. இதற்குள் எல்லாருக்கும் பொருந்த ஓர் அளவு செய்வது எப்படி?

குமிழ் சரியான பிறகும் அந்தப் பெரிய சாமான் நம் மடலை அழுத்திக் கால் மணியில் வலி எடுத்தது. கழற்றிவிட்டோம். குற்றம் கம்பெனியுடையதா, நம் காதினுடையதா என்று தீர்மானிக்க முடியாதபடியால் பெயரைச் சொல்லவில்லை.

மறுநாள் நாகல் நகர்ப் பக்கம் நமக்குத் தெரிந்த ஒரு பூட்டுப் பட்டறைக்குப் பையனை அழைத்துப் போனோம். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. என்றாலும் அலிகாரின் இயந்திரப் பூட்டுகளோடு போட்டியிட்டுப் பட்டறைகள் தேய்ந்துகொண்டே வருகின்றன. அங்கிருந்த பெரியவர் சாவியைச் செருகிப் பார்ப்பதும், உருவி அரத்தால் ஒரு இழுப்பு இழுப்பதும், மறுபடி செருகுவதுமாக இருந்தார். இயர்போன் கதையைக் கேட்டுவிட்டு, "காது ஆளுக்கு ஆள் வேறேதானேங்க? அளவெடுக்காமலா செய்யறாங்க?" என்று கேட்டார். அளவெடுத்துச் செய்வதும் உண்டு என்று பையன் விளக்கினான். காதுக்குள் சிறு பஞ்சை வைத்து, மெழுகு போன்ற ஒரு பசையை ஊற்றி, அது இறுகியதும் அச்சாக எடுத்து, அதன்படி ஓடு செய்கிறார்கள். மேடை வித்வான்கள் அணிவது அதைத்தான். "அப்படிச் சொல்லுங்க" என்று பெரியவர் மீண்டும் அரத்தை எடுத்துக்கொண்டார்.

பொருந்துவதில் இன்னொரு லாபம் வத்தலகுண்டு பஸ்ஸில் தெரிந்தது. ஹார்ன், எஞ்சின், பஸ்ஸுக்குள் பாட்டு, அதற்கு மேல் கண்டக்டரின் விசில். சாதாரண இயர்போனில் பாட்டுக் கேட்க வேண்டுமானால் இவை அத்தனைக்கும் மேலே சத்தத்தை ஏற்ற வேண்டியிருந்தது. எடிமோடிக்கைச் சரியாகச் செருகினால் வெளிச் சத்தத்தில் 35 டெஸிபலுக்கு மேல் அடைபடும் என்று கம்பெனி சொல்கிறது. மெய்தான் போலிருக்கிறது, வீட்டில் வைத்த அதே அளவு போதுமானதாயிருந்தது. இது சுகத்தைப் பற்றிய விஷயம் மட்டுமல்ல. உலக சுகாதார ஸ்தாபனம், வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் 80 டெஸிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. மூன்று டெஸிபல் ஏறினால் நேரம் பாதியாகும். 89-க்குப் போனால் வாரத்துக்கு ஐந்து மணிதான். (இத்தனை அடைப்போடு பஸ் ஸ்டாண்டில் ரோட்டைக் கடக்கும் புண்ணியவான்களைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.)

பையனின் தாத்தா வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலை ஒன்றில் முப்பது வருஷம் கதிர் ஓட்டியவர். அந்தக் காலத்தில் காதை மூடிக்கொள்ள யாரும் பஞ்சு கூடக் கொடுக்கவில்லை, பஞ்சாலையில்! இப்போது அவருக்கு உயிரெழுத்துக் கேட்கிறது, மெய்யெழுத்துக் கேட்பதில்லை. இரைச்சலால் கெடும் காதில் முதலில் போவது உயர்ந்த ஸ்வரங்கள்தான். ச, த, ப என்பவை எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. பேசுவது காதில் விழும், புரியாது. ஐந்து ஜோடிகளையும் திண்ணையில் பரப்பி நாங்கள் தர்க்கம் செய்தபோதெல்லாம் அவர் ஓரமாக உட்கார்ந்து புன்னகை செய்துகொண்டிருந்தார்.

"தாத்தாவுக்குக் கருவி வாங்கவில்லையா?" என்று கேட்டோம்.

"வாங்கி மூன்று வருஷம் ஆச்சு, மாமா. பீரோவில் இருக்கிறது. போட்டால் ஊய் ஊய் என்று விசில் அடிக்கிறது என்று கழற்றிவிட்டார்."

எடுத்து வரச் சொன்னோம். கருவி நல்ல கருவிதான். அதன் முனையில் கடையில் கொடுத்த பொதுக் குமிழ் ஒன்று தொளதொளவென்று தொங்கிற்று. பையன் அதைப் பார்த்தான், நம்மைப் பார்த்தான். தொப்பி ஓடிப்போன அதே இடைவெளி. இங்கே கருவியின் சத்தம் அதன் வழியே வெளியே கசிந்து, கருவியின் மைக்குக்கே திரும்பிப் போய், மறுபடி பெருகி, மறுபடி கசிந்து விசிலாகிறது. தன் காதுக்கு ஐந்து வகைக் குமிழ் மாற்றிப் பார்த்த பையனுக்கு இது மூன்று வருஷமாகத் தோன்றவில்லை. அவனைக் குறை சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை. வாரம் தவறாமல் அந்தத் திண்ணையில் காப்பி சாப்பிட்டவர்கள் நாமும்தான்.

அந்த வாரமே மதுரைக்கு அழைத்துப்போய்க் காதுக்கு அச்சு எடுத்தார்கள். ஆயிரம் ரூபாய் கூட ஆகவில்லை. அச்சு வந்து, கருவியையும் திருத்தி அமைத்த பிறகு விசில் நின்றது. நாம் பார்க்கப் போனபோது தாத்தா, "குக்கர் சத்தம்தான் தாங்கலை, தம்பி" என்றார். பையன் தன் போனை அருகில் வைத்துக் கொஞ்சும் சலங்கைப் பாட்டைப் போட்டான். படம் வந்த வருஷத்தில் அவருக்குப் பதினைந்து வயது. கண்ணை மூடிக் கேட்டார்.

"நாயனம் தகரக் குழாய் மாதிரி இருக்கு. அது அப்படி இருக்காது, எனக்குத் தெரியும்" என்றார். சிறிது நேரம் கழித்து, "ஆனா சின்னவள் உள்ளேயிருந்து கூப்பிட்டது என்னன்னு புரிஞ்சுது" என்றார்.

பையன் எடிமோடிக்கை வாங்கினான். ஸென்ஹைஸர் உடையவரிடம் திரும்பிப் போயிற்று. தாத்தாவின் வலது காதுக்குக் கருவி பார்க்க அடுத்த மாதம் மறுபடி மதுரைக்குப் போகிறார்கள்.