'ஆக்சிஜனேற்றம்' காரணப்பெயரா? நைட்ரைடுப் பீங்கான்களை முன்வைத்துச் சில கருத்துகள்

கலைச்சொல் ஒன்று வழக்கில் நிலைபெற்றுவிட்டால் அதன் பொருளும் தெளிவாகிவிட்டது என்று கருதும் போக்கு நம்மிடையே உள்ளது. தமிழகப் பாடநூல்களில் 'ஆக்சிஜனேற்றம்' எனவும் இலங்கைப் பாடநூல்களில் 'ஒட்சியேற்றம்' எனவும் வழங்கும் சொல் இக்கருத்தை மறு ஆய்வு செய்யத் தூண்டுகிறது.

உயர்வெப்பத்தைத் தாங்கும் பீங்கான் வகைகளுள் ஒன்று அலுமினியம் நைட்ரைடு. காற்றில் இதனை 1000 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கினால், அலுமினியம் ஆக்சிஜனோடு சேர்ந்து அலுமினாவாகிறது. நைட்ரஜன் வளிமமாக வெளியேறுகிறது. இன்றைய வேதியியல் எலக்ட்ரான் இழப்பையே ஆக்சிஜனேற்றம் என வரையறுக்கிறது. அலுமினியத்தின் ஆக்சிஜனேற்ற எண் வினைக்கு முன்னும் பின்னும் +3 ஆகவே உள்ளது. நைட்ரஜனின் எண்தான் −3 இலிருந்து 0 ஆக மாறுகிறது. ஆக, ஆக்சிஜனை ஏற்றது அலுமினியம். ஆக்சிஜனேற்றம் அடைந்ததோ, ஆக்சிஜனோடு சேராமலே வெளியேறிய நைட்ரஜன். சொல்லைப் பிரித்துப் பொருள் காணப் பழகிய மாணவர் இவ்விடத்தில் இடறுவது இயல்பே. காரணப்பெயராகத் தோன்றிய சொல், அறிவியல் வரையறை விரிந்தபின் ஏறத்தாழ இடுகுறியாகிவிட்டது.

அடைமொழி சேரும்போது சிக்கல் மேலும் வளர்கிறது. சிலிக்கான் நைட்ரைடு காற்றில் சூடாகும்போது அதன் மேற்பரப்பில் சிலிக்காப் படலம் படிகிறது. படலம் தடிக்கத் தடிக்க ஆக்சிஜன் உட்புகுவது குறைந்து, உள்ளிருக்கும் பொருள் காக்கப்படுகிறது. ஆக்சிஜன் மிகக் குறைந்த உயர்வெப்பச் சூழலிலோ சிலிக்கான் மோனாக்சைடு வளிமமாகப் பிரிந்து செல்வதால் படலம் உருவாவதில்லை. பொருள் தேய்ந்து எடை குறைகிறது. ஆங்கிலத்தில் முன்னதைப் 'பாசிவ்' என்றும் பின்னதை 'ஆக்டிவ்' என்றும் அடைகொடுத்து வழங்குவர். இவற்றைச் 'செயலற்ற', 'செயலூக்க' எனப் பெயர்த்தால் காப்பது எது, தேய்ப்பது எது என்பது விளங்காது. 'காப்புப்படல ஆக்சிஜனேற்றம்', 'தேய்வு ஆக்சிஜனேற்றம்' என விளைவு நோக்கிப் பெயரிடுவதே பொருந்தும் என்பது என் கருத்து.

நிலைபெற்ற சொல்லை மாற்றவேண்டும் என்பது இங்கு வாதமன்று. ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே தமிழ்ச்சொல்லை நிறுத்துவதோடு கலைச்சொல் தொகுப்பின் பணி முடிந்துவிடலாகாது. ஒவ்வொரு சொல்லுக்கும் வரையறையும், அவ்வரையறை சொல்லமைப்போடு முரண்படும் இடத்தைக் காட்டும் சான்றும் தரப்படவேண்டும். இப்பணியில் சொல்லமைப்பை ஆராய்வோரும் வினையின் இயல்பை அறிந்தோரும் உடனிருத்தல் இன்றியமையாதது. தமிழாய்வாளர் அறிவியல் துறையினரோடு அமர்ந்து பணியாற்றாதவரை, நம் கலைச்சொற்கள் அகராதியில் மட்டுமே வாழும்.